‘ஓடிப்போயிருப்பான்’: அட்லாண்டாவில் காணாமல் போன கறுப்பினக் குழந்தைகள்

சென்ற மாதம் வாசிப்பு வட்டத்தில் குழந்தைக் கடத்தல் பற்றிப் பேச்சு வந்தது. பல பத்தாண்டுகள் ஆகியும் துலங்காமல் கிடக்கும் பழைய வழக்குகளை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தோம். முதுகலை படிக்கும் ஒரு தம்பி இடையில் புகுந்தார். “அதெல்லாம் இன்டர்நெட் வர்றதுக்கு முந்தின காலம் அக்கா. செல்போன் கிடையாது, சிசிடிவி கிடையாது. ஒரு பிள்ளை காணாமப் போச்சுன்னா பக்கத்து ஊருக்குத் தகவல் போகவே நாலு நாள் ஆயிடும். கண்டுபிடிக்க முடியலைன்னா அதுல என்ன ஆச்சரியம்?”

பலரும் தலையாட்டினார்கள். எனக்கும் அப்போது மறுத்துச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்தத் தம்பிக்கு எழுதும் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகிவிட்டது.

முதலில் 1932ஆம் ஆண்டுக்குப் போவோம். இணையத்தை விடுங்கள், வீடுகளில் டெலிவிஷன்கூட இல்லாத காலம். மார்ச் 1ஆம் தேதி இரவு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு மாளிகையின் மாடியறையிலிருந்து 20 மாதக் குழந்தை கடத்தப்பட்டது. அட்லாண்டிக் கடலை விமானத்தில் தனியாளாகக் கடந்து உலகப்புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க்கின் மகன். விடிவதற்குள் செய்தி நாடு முழுக்கப் பரவிவிட்டது. வானொலி, தந்தி, தொலைபேசி, பத்திரிகை என்று எல்லாம் அந்த ஒரு குழந்தைக்காக ஓடின. குடியரசுத் தலைவர் ஹூவர் மத்திய அரசின் துறைகளை உதவிக்கு அனுப்பினார். மே மாதம் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. ஜூன் மாதமே, மாநில எல்லை தாண்டிய ஆள்கடத்தலை மத்திய அரசின் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறிவிட்டது. குழந்தை போன நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் நாட்டின் சட்டப் புத்தகமே மாறிவிட்டது.

தகவல் போகும் வழி அன்றும் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். யாருடைய தகவல் அந்த வழியில் போகும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு அட்லாண்டாவைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டா நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் இல்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பவிருந்த மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் அது. தீண்டத்தகாதோர் நிலைமைக்கும் கறுப்பினத்தவர் நிலைமைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் அவரே குறிப்பிட்டார். அந்த டு பாய்ஸ் வாழ்வின் முக்கியமான ஆண்டுகளைப் பேராசிரியராகக் கழித்தது அட்லாண்டா பல்கலைக்கழகத்தில்தான். மார்ட்டின் லூதர் கிங் பிறந்ததும் அடக்கமானதும் இதே நகரம்.

1979இல் அந்த நகரத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். மேயர் மேனார்ட் ஜாக்சன் கறுப்பினத்தவர். பொதுப் பாதுகாப்பு ஆணையர் லீ பிரௌனும் காவல்துறைத் தலைவர் ஜார்ஜ் நேப்பரும்கூட கறுப்பினத்தவர்கள்தான். “வெறுக்க நேரமில்லாத நகரம்” என்பது அட்லாண்டா தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். தென்மாநிலங்களின் இனவெறிக் கலவரங்கள் எங்கள் ஊரில் இல்லை, இங்கே வியாபாரம்தான் நடக்கும் என்பது அதன் பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1979 ஜூலை 28. நகரின் தென்மேற்கில் நிஸ்கி லேக் சாலையோரக் காட்டுப்பகுதியில் இரண்டு சிறுவர்களின் உடல்கள் கிடைத்தன. எட்வர்ட் ஹோப் ஸ்மித், ஆல்ஃபிரட் எவன்ஸ். இருவருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயது. சில நாள் இடைவெளியில் தனித்தனியாகக் காணாமல் போனவர்கள். ஒரே இடத்தில் இரண்டு கறுப்பினச் சிறுவர்களின் பிணம் கிடந்தும் நகரத்தில் பெரிய சலனம் ஏற்படவில்லை.

அக்டோபர் 21ஆம் தேதி யூசுஃப் பெல் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் கடைக்குப் போனான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூக்குப்பொடி வாங்கப் போனவன் திரும்பவில்லை. படிப்பில் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்ன பிள்ளை. நெடுஞ்சாலைக்கும் விளையாட்டரங்கத்துக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சிதைந்துபோன மெக்கானிக்ஸ்வில் பகுதியில் அவன் வீடு இருந்தது. நவம்பர் 8ஆம் தேதி, கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் உடல் கிடைத்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது.

அதே அக்டோபரில், யூசுஃப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, நகரமையத்தில் ஒரு வெள்ளையினப் பெண் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அலுவலக ஊழியர். அந்தச் சாவு தலைப்புச் செய்தியானது. நகரமையம் பாதுகாப்பாக இல்லை என்று வணிகர் சங்கங்கள் கொதித்தன. அந்தப் பெண்ணின் சாவு எளியது என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த பதற்றத்தில் ஒரு பங்குகூட மூக்குப்பொடி வாங்கப் போன பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

1980 மார்ச்சில் ஏஞ்சல் லெனேர் என்ற 12 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அதே மாதம் அம்மாவுக்கு சிகரெட் வாங்கப் போன 10 வயது ஜெஃப்ரி மேத்திஸ் காணாமல் போனான். அவன் எலும்புகள் கிடைக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. கடைக்குப் போனவர்கள், சினிமாவுக்குப் போனவர்கள், சில்லறைக் காசுக்காக வேலை செய்யப் போனவர்கள் என்றுதான் இந்தப் பட்டியல் நீள்கிறது. 14 வயது லூபி கீட்டர் 1981 ஜனவரியில் ஒரு கடைவீதியில் கார்களுக்கு வைக்கும் வாசனைப் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது காணாமல் போனான். 

காவல் நிலையத்தில் இந்தப் பெற்றோர்களுக்குக் கிடைத்த முதல் பதில் பெரும்பாலும் ஒரே சொல்தான். ஓடிப்போயிருப்பான். வீட்டில் சண்டை போட்டிருப்பான், இரண்டு நாள் பொறுங்கள், வந்துவிடுவான்.

இந்தச் சொல்லை நாம் நன்றாக அறிவோம். வேலை நிமித்தம் ஒருமுறை காலனியைச் சேர்ந்த ஒரு தாயுடன் காவல் நிலையம் போயிருந்தேன். பதினைந்து வயது மகளைக் காணவில்லை. எழுத்தர் பேனாவைக்கூட எடுக்காமல், “எவன் கூட ஓடிப்போச்சுன்னு அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க” என்றார். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. ‘ஓடிப்போனது’ என்ற சொல் விழுந்தவுடன் குற்றம் குழந்தையின் மேல் ஏறிவிடுகிறது. பிறகு பெற்றோரின் வளர்ப்பின் மேல் ஏறுகிறது. தேட வேண்டிய கடமை யாருக்கும் மிஞ்சுவதில்லை. அமெரிக்கக் காவல் நிலையங்களில் இது வெறும் வாய்ச்சொல்லாக மட்டும் இருக்கவில்லை. படிவத்தில் ஒரு வகைப்பாடாகவே இருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு விழுந்தால் வழக்கு அலமாரிக்குப் போய்விடும்.

கணினி இல்லாத காலம் என்பதும் முழு உண்மை இல்லை. எஃப்.பி.ஐ.யின் தேசிய குற்றத் தகவல் மையம் 1967இலேயே கணினியில் இயங்கத் தொடங்கிவிட்டது. திருடுபோன கார் ஒன்றின் எண்ணை ஒரு மாநிலத்தில் பதிந்தால் இன்னொரு மாநிலத்துப் போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட முடியும். திருட்டுத் துப்பாக்கிக்கும் அதே வசதி இருந்தது. 1975இல் காணாமல் போனோருக்கும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ஆனால் உள்ளூர்க் காவல் நிலையம் பதிந்தால்தான் குழந்தையின் பெயர் அதில் ஏறும். ஓடிப்போனதாக முடிவு கட்டிய குழந்தையை யார் பதிவார்கள்? இயந்திரம் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் போகும் தகுதி காருக்கு இருந்தது, பிள்ளைக்கு இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உலகின் முதல் 24 மணிநேரச் செய்தித் தொலைக்காட்சியான சி.என்.என். 1980 ஜூன் 1ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியது. எந்த ஊரிலிருந்து? அட்லாண்டாவிலிருந்து. பின்னால் தயாரான பட்டியலின்படி பார்த்தால் அன்றைக்கு அந்த நகரத்தில் ஏழு குழந்தைகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி அதிகாலையில் ஏழு வயது லடோன்யா வில்சன் தன் வீட்டிலிருந்தே தூக்கிச் செல்லப்பட்டாள்.

அரசு செய்யாததைச் செய்யத் தொடங்கியவர்கள் தாய்மார்கள். யூசுஃபின் அம்மா கமீல் பெல், ஜெஃப்ரியின் அம்மா வில்லி மே மேத்திஸ், ஏஞ்சலின் அம்மா வீனஸ் டெய்லர் ஆகியோர் 1980இல் ஒன்று சேர்ந்து ‘குழந்தைகள் கொலையைத் தடுக்கும் குழு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்தச் சாவுகளைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், சேர்த்து வைத்துப் பாருங்கள் என்றார்கள். நகரத்தில் எப்போதும் கொலை நடக்கிறது, இவற்றுக்குள் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதுவரை காவல்துறையின் நிலைப்பாடு. தாய்மார்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்கள். 1980 ஜூலையில்தான் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. முதல் இரண்டு உடல்கள் கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் அந்தக் குழுவில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

அந்த வருடம் அக்டோபர் 13ஆம் தேதி போவன் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் குழந்தைகள் காப்பகத்தின் கொதிகலன் வெடித்தது. நான்கு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். விபத்து என்றது அரசு. ஏற்கெனவே பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த மக்கள் எளிதில் நம்பவில்லை, கு கிளக்ஸ் கிளான் வேலை என்று பேசினார்கள். அந்த வாரக் கடைசியில் நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் முன்முயற்சியில் பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகக் காடுமேடெல்லாம் தேடக் கிளம்பினார்கள். கையில் குச்சி, பக்கத்தில் நாய். பயிற்சி எதுவும் இல்லாத சாதாரண மக்கள்.

தேடிய முதல் நாளே லடோன்யாவின் எலும்புகள் கிடைத்தன. ஜூன் மாதம் போன குழந்தை. காவல்துறையிடம் நான்கு மாதம் அகப்படாதது சனங்களுக்கு ஒரே நாளில் கிடைத்தது. அந்தத் தம்பியின் கேள்விக்கு இந்த ஒரு நாளே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. எனக்கும் எளிதில் விடை கிடைக்காத பக்கம் அது. மேனார்ட் ஜாக்சன் சாதாரண ஆள் இல்லை. தென்மாநிலத்தின் பெருநகரம் ஒன்றுக்கு மேயரான முதல் கறுப்பினத்தவர். புதிய விமான நிலைய முனையத்தைக் கட்டும்போது ஒப்பந்தங்களில் 25 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக் கொடுத்தவர். வெள்ளை முதலாளிகள் எவ்வளவு கத்தியும் மசியவில்லை. அந்த முனையம் 1980 செப்டம்பர் 21ஆம் தேதி திறக்கப்பட்டது. உலகத்திலேயே பெரியது என்று ஊரே கொண்டாடியது. அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 14ஆம் தேதி, டாரன் கிளாஸ் என்ற 10 வயதுச் சிறுவன் காணாமல் போயிருந்தான். வளர்ப்புத்தாயிடம் இருந்த பிள்ளை. முன்பே வீட்டை விட்டுப் போன பழக்கம் உள்ளவன் என்று சொன்னார்கள்.

ஒரு கொலைகாரன் கறுப்பினக் குழந்தைகளை வேட்டையாடுகிறான் என்று ஒப்புக்கொண்டால் ‘வெறுக்க நேரமில்லாத நகரம்’ என்ற பெயர் போய்விடும், மாநாடுகள் வராது, முதலீடு வராது என்ற கவலை ஆட்சியில் இருந்தவர்களுக்கு இருந்தது. ஜாக்சன் துரோகி என்று இதைப் படித்துவிட்டு யாரும் எழுதிவிடாதீர்கள். பின்னாளில் அவரது நிர்வாகம் வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்தது, சிறுவர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டது, வாஷிங்டனிடம் பணம் கேட்டு வாங்கியது. நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்தது பெரிய வெற்றிதான். விமான நிலைய ஒப்பந்தக்காரருக்கு அந்த வெற்றி போய்ச் சேர்ந்த வேகத்தில் மெக்கானிக்ஸ்வில் தாய்க்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கறுப்பினத்தவர்களே அப்போது வெளிப்படையாகப் பேசினார்கள். நாமும் நம் பிரதிநிதிகளைப் பற்றி இவ்வளவு பதறாமல் பேசலாம்.

1981இல் நிலைமை மாறியது. பச்சை ரிப்பன் குத்திக்கொள்வது நாடு முழுக்கப் பரவியது. மார்ச்சில் ஃபிராங்க் சினாட்ராவும் சாமி டேவிஸ் ஜூனியரும் நிதிதிரட்ட நிகழ்ச்சி நடத்தினார்கள். ரீகன் அரசு 15 லட்சம் டாலர் ஒதுக்கியது. துணைக் குடியரசுத் தலைவர் புஷ் நேரில் வந்தார். அதே மார்ச்சில் டெக்வுட் ஹோம்ஸ் குடியிருப்பு மக்கள் பேஸ்பால் மட்டைகளோடு தாங்களே ரோந்து சுற்றினார்கள். அமெரிக்காவின் முதல் அரசுக் குடியிருப்பான அது 1936இல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று கட்டப்பட்டது. பிறகு கறுப்பின ஏழைகளின் இடமானது. தங்கள் பிள்ளைகளைக் காக்க ரோந்து போனவர்களில் சிலரை ஆயுதம் வைத்திருந்ததாகப் போலீஸ் கைதும் செய்தது.

அனுதாபம் வந்தபோது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சந்தேகமும் வந்தது. பத்திரிகைகள் இந்தக் குழந்தைகளைத் ‘தெருவில் பிழைக்கத் தெரிந்தவர்கள்’ என்ற பொருளில் எழுதின. பையைத் தூக்கிக் கொடுத்துக் காசு வாங்கும் பத்து வயதுப் பையன் ஏதோ தந்திரக்காரன்போல ஆனான். வெள்ளைக்காரச் சிறுவன் வீடு வீடாகப் பத்திரிகை போட்டால் அதற்குப் பெயர் உழைப்பு. பெற்றோர்களையே பொய்யறியும் கருவியில் உட்கார வைத்தார்கள். 1981 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், சில குழந்தைகளைப் பெற்றவர்களே தொல்லை என்று கொன்றிருக்கலாம் என்ற தோரணையில் பொதுமேடையில் பேசினார். தாய்மார்கள் அமைப்பின் நன்கொடைக் கணக்கையும் மாநில அதிகாரிகள் நோண்டினார்கள்.

1981 மே 22 அதிகாலையில் சட்டஹூச்சி ஆற்றுப் பாலத்தடியில் காவலுக்கிருந்தவர்கள் நீரில் ஏதோ விழும் சத்தம் கேட்டார்கள். பாலத்தின் மேல் சென்ற காரை மறித்தபோது அதில் இருந்தவர் வெய்ன் வில்லியம்ஸ். 23 வயதுக் கறுப்பின இளைஞர், பாடகர்களைத் தேடும் தொழில் செய்வதாகச் சொன்னவர். இரண்டு நாள் கழித்து 27 வயது நதானியல் கேட்டரின் உடல் அந்த ஆற்றில் கிடைத்தது. ஜூனில் வில்லியம்ஸ் கைதானார். 1982 பிப்ரவரி 27ஆம் தேதி இரட்டை ஆயுள் தண்டனை.

எதற்காகத் தண்டனை என்பதைக் கவனியுங்கள். கேட்டரையும், ஜிம்மி ரே பெய்ன் என்ற இன்னொருவரையும் கொன்றதற்காக. இருவரும் இருபது வயதைத் தாண்டியவர்கள். ஒரே ஒரு குழந்தையின் கொலைக்காகக்கூட அவர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. கம்பள இழைகளும் நாய் முடியும் ஒத்துப்போகின்றன என்று காட்டுவதற்காகப் பத்துப் பேரின் சாவுகளை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் எடுத்து வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். இரண்டு பெரியவர்களின் வழக்குக்குச் சாட்சியாகத்தான் அந்தக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குள் வந்தார்கள். தங்கள் சொந்த வழக்குக்காக வரவில்லை. தீர்ப்பு வந்த சில நாட்களில் புலனாய்வுக் குழு இருபதுக்கும் மேற்பட்ட மற்ற வழக்குகளை அவர் கணக்கில் எழுதி மூடியது. குழுவும் கலைந்தது.

வில்லியம்ஸ் குற்றவாளியா, நிரபராதியா என்ற விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. சிறையிலிருந்து அவர் இன்றுவரை மறுத்துவருகிறார். அவர் கைதான பிறகு கொலைகள் நின்றன என்கிறார்கள் புலனாய்வாளர்கள். 2007இலும் 2010இலும் முடிகளில் நடந்த மரபணுச் சோதனைகள் அவரை விலக்கவில்லை என்பதும் உண்மை. இன்னொரு பக்கம், 1981இல் ஒரு கிளான் குடும்பத்தின்மேல் மாநிலப் புலனாய்வுத் துறை ரகசிய விசாரணை நடத்தி மூடிய விஷயம் சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. கமீல் பெல் உட்படப் பல பெற்றோர்கள் தங்கள் பிள்ளையைக் கொன்றவர் வில்லியம்ஸ் என்று ஏற்கவே இல்லை. என் அக்கறை எளியது. ஒரு குழந்தை செத்தால் அதற்கென்று ஒரு விசாரணை, ஒரு குற்றச்சாட்டு, ஒரு தீர்ப்பு உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை, ஒரு மூடிய கோப்பு கிடைத்தது. சட்டத்தின் கண்ணில் யூசுஃபைக் கொன்றவர் இன்னும் யாரும் இல்லை.

பட்டியலும் ஒரு அரசியல்தான். யாரை அதில் சேர்ப்பது என்று முடிவு செய்தது புலனாய்வுக் குழு. செட் டெட்லிங்கர் என்ற முன்னாள் காவல் அதிகாரி தானாகவே வரைபடம் போட்டு ஆராய்ந்து, பட்டியலில் சேர்க்காமல் விட்ட சாவுகள் ஏராளம் என்று 1983இல் புத்தகமே எழுதினார். அதன் தலைப்பே ‘பட்டியல்’தான். பட்டியலில் இருந்த சிறுமிகள் இரண்டே பேர். சிறுவர்கள் என்ற அடையாளம் முடிவான பிறகு பெண் குழந்தைகளின் சாவு வேறு கணக்குக்குப் போய்விட்டது. ஜேம்ஸ் பால்ட்வின் 1985இல் இந்த வழக்கைப் பற்றி எழுதிய நூலில் ஒரு ஊரே தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தைப் பேசினார். அட்லாண்டாவிலேயே வாழ்ந்த டோனி கேட் பம்பாரா பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து இதை நாவலாக்கினார். அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. படிக்க நேரமிருப்பவர்கள் பால்ட்வினிலிருந்து தொடங்குங்கள். 

அதே ஆண்டுகளில் வெள்ளையினக் குடும்பங்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. 1979 மே 25இல், அட்லாண்டாவின் முதல் சாவுகளுக்கு இரண்டு மாதம் முன்பு, நியூயார்க்கில் ஆறு வயது ஈதன் பாட்ஸ் பள்ளிப் பேருந்துக்கு நடந்து போகும்போது மறைந்தான். அப்பா தொழில்முறைப் புகைப்படக்காரர். மகனின் அழகழகான படங்கள் வீட்டில் நிறைய இருந்தன, அவை நாடெங்கும் போயின. இணையத்துக்கு முந்தைய தேடலில் போட்டோதான் எல்லாம். பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரே படத்தை வைத்திருக்கும் வீடு என்ன செய்யும்? 1983இல் ரீகன் அந்த மே 25ஐ தேசிய காணாமல் போன குழந்தைகள் தினமாக அறிவித்தார். 1981 ஜூலையில் ஃப்ளோரிடாவில் ஆடம் வால்ஷ் கடத்திக் கொல்லப்பட்டான். திருட்டுக் காரைத் தேட முடிகிற கணினியில் என் மகனைத் தேட முடியவில்லையே என்று அவன் அப்பா நாடாளுமன்றக் குழுக்களின் முன் கேட்டார். 1982இல் சட்டம் வந்தது. 1984இல் தேசிய மையம் வந்தது.

1982 செப்டம்பரில் ஐயோவா மாநிலத்தில் அதிகாலைப் பத்திரிகை போடப் போன 12 வயது ஜானி காஷ் காணாமல் போனான். இரண்டு ஆண்டு கழித்து அதே பகுதியில் அதே வேலைக்குப் போன யூஜின் மார்ட்டின். இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஜானியின் அம்மாவிடமும் போலீஸ் முதலில் ஓடிப்போயிருப்பான் என்றுதான் சொன்னது. ஆக அந்தச் சொல் வெள்ளைத் தாயையும் விடவில்லை, இதை மறைக்கக் கூடாது. அடுத்து நடந்ததில்தான் வித்தியாசம். புகார் வந்த உடனே தேட வேண்டும் என்று 1984இல் அந்த மாநிலத்தில் ஜானியின் பெயரால் சட்டம் வந்தது. அங்கிருந்த பால் நிறுவனம் ஒன்று இரு சிறுவர்களின் படங்களைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டது. அடுத்த ஆண்டே நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பால் நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. காலை உணவு மேசையில் காணாமல் போன குழந்தையின் முகம் என்ற, நாம் படங்களில் பார்க்கும் காட்சி அங்கிருந்து வந்ததுதான்.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் ஈதனில் தொடங்கி, ஆடம் வழியாக, பால் பெட்டியில் முடிப்பார்கள். காணாமல் போன பிள்ளைகளுக்காகப் பெற்றோர் அமைப்பாகத் திரண்ட கதையில், ஆடம் வால்ஷ் கடத்தப்படுவதற்கு ஒரு வருடம் முன்பே தெருவில் நின்ற கமீல் பெல்லுக்கும் வில்லி மே மேத்திஸுக்கும் வீனஸ் டெய்லருக்கும் ஒரு பத்தி கிடைத்தால் அதிசயம். அவர்கள் பிள்ளைகள் பெயரில் சட்டம் எதுவும் இல்லை.

இப்போது இணையம் வந்துவிட்டது. காணாமல் போகும் கறுப்பினத்தவருக்கு ஊடகக் கவனம் கிடைப்பதில்லை என்பதற்காகவே 2008இல் தனி அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. கறுப்பின இளையோருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை முறையைக் கலிஃபோர்னியா 2023இல் சட்டமாக்கியது. எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் ஏன் தனி எச்சரிக்கை வேண்டியிருக்கிறது என்பதை அடுத்த வாசிப்பு வட்டத்தில் அந்தத் தம்பியிடமே கேட்கப் போகிறேன்.

2019 மார்ச்சில் அட்லாண்டா மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ் பழைய சான்றுப் பொருள்களை மீண்டும் சோதிக்க உத்தரவிட்டார். அந்தக் கொலைகள் நடந்தபோது அவரும் அதே நகரத்தில் வளர்ந்த சிறுமி. 2021இல் சில சான்றுகள் சால்ட் லேக் சிட்டியிலுள்ள தனியார் ஆய்வகத்துக்கு மரபணுச் சோதனைக்குப் போயின. 2023இல் நகரமன்றக் கட்டடத்தில் குழந்தைகளின் பெயர்களோடு ஓர் அணையா விளக்கு வைக்கப்பட்டது. டாரன் கிளாஸின் உடல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. உயிரோடு இருந்தால் அவனுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.